பதினெட்டு என்று எழுதிய சீட்டு

அலுவலகத்தில் அவளுக்கு சார்ட் அக்கா என்று பெயர். பதினாறு வருடமாக மென்பொருள் திட்டங்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பதுதான் வேலை. முதல் நாளிலேயே கடைசி நாள் வரை கோடு கோடாக சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். யார் எப்போது குளிக்க வேண்டும் என்பது வரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். "நான் கோபப்பட எந்தக் கிழமை ஒதுக்கியிருக்கே?" என்பார் கணவர்.

போன வருடம் அந்தக் கோடுகள் அவள் காலை வாரிவிட்டன. டீமில் யாரைக் கேட்டாலும் "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சுக்கா" என்றார்கள். ஏழு வாரமாக அதே தொண்ணூறுதான். மீதிப் பத்து எங்கே ஒளிந்திருந்ததோ! எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமைகளையும் விழுங்கிவிட்டு, இரண்டு மாதம் தாமதமாக வேலை முடிந்தது. அவள் கூனிக் குறுகிப் போனாள்.

இப்போது ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகள் பதிவு மென்பொருள். மறுபடி தேதி தவறினால் டீமையே கலைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். எட்டுப் பேரும் ஆளுக்கொரு திசையில் போக வேண்டியதுதான். எந்த முறையில் திட்டம் போடப் போகிறாள் என்று அன்று நாலு மணிக்குள் சொல்ல வேண்டும்.

டீமில் ஒரு துடுக்குக்காரி புது முறைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டிரண்டு வாரமாகத் திட்டமிடுவது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்புவது.

"சீட்டு விளையாடவா சம்பளம் குடுக்கறாங்க?" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு வேலைக்குப் பாருங்கக்கா. பிடிக்கலைன்னா உங்க சார்ட்டையே ஒட்டிக்கலாம்."

வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டாள். பழைய நோயாளிகளின் பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றும் வேலை. மூன்று நாள் என்று அவள் மனக்கணக்கு. சீட்டுகள் திரும்பின. மூன்று, மூன்று, நான்கு என்றே வரிசையாக வந்தன. ஒன்றில் மட்டும் பதினெட்டு.

எழுதியவர் மௌனச்சாமி. ஐம்பதைத் தாண்டிய புரோகிராமர். கூட்டத்தில் வாயைத் திறக்கவே மாட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏன் சார் பதினெட்டு?" என்று கேட்டாள் அக்கா.

"பழைய பதிவெல்லாம் திறந்து பார்த்தேன்மா. ஒரே ஆளுக்கு மூணு நாலு பதிவு இருக்கு. ஒண்ணுல பேர் வேற மாதிரி, இன்னொண்ணுல வயசு வேற. ஒவ்வொண்ணா கண்ணால பார்த்துத்தான் சேர்க்கணும். தப்பா சேர்த்தா, ஒருத்தர் மருந்து இன்னொருத்தருக்குப் போயிடும்."

சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"போன தடவையும் இப்படி ஏதாவது தெரிஞ்சிருந்துதா சார்?"

"தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சுவர்ல தேதியை ஒட்டிட்டுத்தானேம்மா கூப்பிட்டீங்க? முடிஞ்சுதான்னு கேட்டீங்க. எத்தனை நாள் ஆகும்னு கேக்கலையே."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

நாலு மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனாள். "புது முறைதான் சார். மூணு நாள்னு நான் நினைச்ச ஒரு வேலைக்கே பதினெட்டு நாள் ஆகும். இன்னிக்கே சொல்லிடறேன்."

அவர் காலண்டரைப் புரட்டினார். "இப்பவே கேட்டா மருத்துவமனையில ரெண்டு வாரம் தள்ளிக் குடுப்பாங்க. டீமைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஆனா போன தடவையும் இப்படி முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? உங்க ஆளுங்க யாருமே வாய் திறக்கலையே?"

"அவங்க மேல தப்பில்ல சார்," என்றாள் அவள். "நான் கேக்கலை."