திறக்காமல் வைத்திருந்த இரண்டாம் பாகம்

அந்த வீடியோ கேமைத் தயாரித்தவன் எவனாவது என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். ஒரு விளையாட்டுக்குப் போய் இந்த வயதில் இவ்வளவு ஆத்திரமா என்று என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். போனது விளையாட்டா எனக்கு?

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசியன்று பகலில் யாரும் கண் அயரக் கூடாது. பட்டினி வேறு. மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குப் பரமபதம் விரித்துக் கொடுப்பார்கள். எங்கள் அப்பாவோ, மற்ற நாளில் தொடவிடாத வீடியோ கேமை அன்று மட்டும் டிவியில் மாட்டிக்கொள்ள விடுவார். அப்பா காலத்துக்குப் பிறகும் வழக்கம் நிற்கவில்லை. அண்ணா மன்னார்புரத்திலிருந்து வருஷா வருஷம் ஏகாதசிக்கு வந்துவிடுவான்.

கடைசியாக நாங்கள் ஆடியது மலையேறும் ஆட்டம். அவன் கயிற்றைப் பிடிக்க வேண்டும், நான் ஏற வேண்டும். அண்ணா சாதாரணமாக வாயைத் திறக்க மாட்டான். கேட்டதற்கெல்லாம் 'ம்', 'ஊஹும்' என்பதோடு சரி. ஆனால் கண் டிவியிலும் கை ரிமோட்டிலும் இருந்தால் தானாகப் பேசுவான். அவன் பெண்டாட்டி, என் மன்னிக்கு வந்திருப்பது என்ன வியாதி என்பதையே, என்னைப் பாதி மலையில் நிறுத்திவைத்துத்தான் சொன்னான்.

மன்னி போய் இரண்டு வருஷமாகிறது. அண்ணா அழவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மனசு விட்டுப் பேசச் சொல்லி நான் கரையாய்க் கரைந்து பார்த்தேன். "அந்த மலை ஆட்டத்தோட ரெண்டாம் பாகம் வரட்டும், வந்து உக்கார்றேன்" என்றான். பழைய கேம் பெட்டி பழுதாகிவிட்டது, புதிய பெட்டியில் பழைய ஆட்டம் ஓடாது. அந்த இரண்டாம் பாகத்தையோ தீபாவளிக்கு வரும், பொங்கலுக்கு வரும் என்று இழுத்தடித்தார்கள். ஒருவழியாகப் போன ஏகாதசிக்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. உடனே வாங்கிப் புதிய பெட்டியில் இறக்கி வைத்தேன்.

வைத்தேனே தவிர, தொடவில்லை. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாமல் பிரசாதத்தை வாயில் வைப்பது போல, அண்ணா வராமல் திறக்க மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். என் ஆசாரம் என்னைக் கவிழ்த்தது.

ஏகாதசியன்று அண்ணா கோயில் கூட்டத்தில் நசுங்கி மத்தியானம் வந்து சேர்ந்தான். நான் சொல்லாமலே பாயை விரித்து உட்கார்ந்து, தன் ரிமோட்டை எடுத்துக்கொண்டான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவன் பொம்மை வந்தது. என்னுடையது வரவில்லை. எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன். கடைசியில்தான் தெரிந்தது, இதில் ஒரு டிவியில் ஒருவர்தான் ஆடலாமாம். இன்னொருவர் அவர் வீட்டில், அவர் பெட்டியில், இன்டர்நெட் வழியாகச் சேர வேண்டுமாம். விளம்பரத்தில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு ஏறினார்களே, பாவி! டிவியைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். பட்டினி நாள் என்றும் பார்க்கவில்லை.

மாற்றி மாற்றி ஆடலாம் என்றேன். அவன் ஆடினான். கயிற்றை இப்போது கம்ப்யூட்டரே பிடித்துக்கொண்டது, அவன் ஏற வேண்டியதாயிற்று. நான் பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். எங்கே தவறிவிடுவோமோ என்று அவன் உதட்டைக் கடித்துக்கொண்டே ஆடினான், பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில், நன்றாகத்தான் இருக்கிறது என்று ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டவன் நகராமல் நின்றான்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லேண்ணா."

என்னைப் பார்த்தான். பிறகு படியைப் பார்த்தான்.

"இப்படி மூஞ்சியப் பாத்துண்டு சொல்ல வரலைடி. இன்னொரு நாள் வரேன்."

இறங்கிப் போய்விட்டான். என்ன விஷயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.