பொட்சுவானாவில் எடுத்த ஒரு படம்

ஜெர்மன்காரருக்கு ஊர் திரும்பியதும் பயணம் முடிந்துவிடுவதில்லை. படம் காட்டினால்தான் முடியும். இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்த பிறகும் எனக்குப் பிடிபடாத பழக்கங்களில் இதுவும் ஒன்று. விடுமுறைக்குப் போய் வந்தவர் ஒரு மண்டபத்தை எடுத்து, திரை கட்டி, தான் கண்ட மலையையும் மாட்டையும் மணித்தியாலக் கணக்கில் காட்டுவார். அவரை முன்பின் தெரியாத சனமெல்லாம் நல்ல உடுப்புப் போட்டு வந்து, வாய் திறக்காமல் பார்த்து, கேக் சாப்பிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போகும். எங்கள் ஊரில் கொழும்புக்குப் போய் வந்தவனிடம் "என்ன கொண்டு வந்தனீ?" என்று கேட்பார்களே தவிர, "என்ன பார்த்தனீ?" என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்படியொரு படக்காட்சியில்தான் எங்கள் ஆபிரிக்கப் பயணம் போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் முடிந்தது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் சிறிய ஊரின் மண்டபம். மேடையில் என் நண்பன் டீற்றர். முன்வரிசையில் நானும் என் மனைவி புவனாவும். அன்று பயணத்தோடு சேர்ந்து டீற்றருக்கும் எனக்கும் இருந்த உறவும் முடிந்தது. ஆறுதல் தேடி எழுதவில்லை. வயிறு எரிகிறது, எழுதுகிறேன்.

டீற்றரும் நானும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். ஆபிரிக்காவைக் காரில் கடப்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இருவரும் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டீசல் ஜீப்பைக் கப்பலில் கென்யாவுக்கு அனுப்பி, அங்கிருந்து தென்னாபிரிக்காவின் நுனி வரை ஓடினோம். அந்த நாடுகளில் ஊரைப்போல வாகனம் இடது பக்கமாக ஓடும். சந்தியில் டீற்றர் பயந்து நடுங்குவான். எனக்கோ கை தானாகத் திரும்பியது. தான்சானியாவில் எங்களுக்கு டீசல் அடித்துக்கொண்டிருந்தவர் என்னிடம், "உங்கள் கடை எந்தத் தெருவில்?" என்று கேட்டார். அங்கே பரம்பரையாக வியாபாரம் செய்யும் இந்தியர்களில் ஒருவன் என்று நினைத்துவிட்டார். நான் ஜெர்மனியிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் டீற்றரைக் காட்டி, "அவர் ஜெர்மனி, சரி. நீங்கள்?" என்றார். நான் மறுபடியும் ஜெர்மனி என்றேன். பாவம், காது கேட்காத மனிதர் என்று நினைத்திருப்பார், சத்தமாகச் சிரித்து என் முதுகில் தட்டினார்.

வாரக்கணக்காக இரண்டு பேர் ஒரு காருக்குள் இருந்தால் கதைக்காத கதை மிச்சமிருக்காது. முதல் வாரத்திலேயே டீற்றர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி அழுதான். அழுது முடித்து, "காரில் பேசியது காரோடு" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். அவன் சொன்னதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பொட்சுவானாவில் மாட்டு நோய் பரவாமலிருக்க நாட்டுக்குக் குறுக்கே வேலி போட்டிருக்கிறார்கள். வேலி தெருவைக் கடக்கும் இடத்தில் காரை மறிப்பார்கள். இறங்கி, மருந்துத் தண்ணீர் ஊறிய ஒரு பாயில் சப்பாத்துக் காலோடு மிதிக்கவேண்டும். பெட்டியில் இருக்கும் சப்பாத்துகளையும் எடுத்துக் காட்டவேண்டும். வேறொன்றுமில்லை. தொப்பி போட்ட ஒரு வயதான உத்தியோகத்தர் என் யன்னலுக்குக் குனிந்து, "இறங்குங்கள் ஐயா. சப்பாத்து. எல்லாச் சப்பாத்தும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் இறங்கினேன். அதன் பிறகு எனக்கு நினைவு வரும்போது, சப்பாத்தைக் கழற்றி முன்னால் வைத்துவிட்டு, சுடுகிற தாரில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கையும் தலையில் இருந்தன. அந்த மனிதர் பதறிப்போனார். "இல்லை ஐயா, இல்லை, இது மாட்டு வருத்தத்துக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி என்னைக் கையைப் பிடித்துத் தூக்கினார். தன் போத்தலில் இருந்த தண்ணீரையும் தந்தார்.

அன்று பொழுது சாயும்போது ஜீப்பை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு டீற்றரிடம் சொன்னேன். பத்தொன்பது வயதில் பஸ்ஸிலிருந்து இறக்கி என்னை ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எந்தப் பக்கத்து முகாம் என்று எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப்பேர் இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுவீர்கள். எங்கள் செருப்பை எங்கள் வாயிலேயே கவ்வச் செய்து, கையைத் தலையில் வைத்து, முற்றத்தைச் சுற்றி முழங்காலில் ஊர விட்டார்கள். வாயிலிருந்து செருப்பு விழுந்தவனுக்கு அடி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெர்மனிக்கு வந்து அகதி விசாரணையில் இருந்தபோதும் இதைச் சொல்லவில்லை, மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அம்மா தெரியாமலே போய்ச்சேர்ந்தார். புவனாவுக்கும் தெரியாது. தமிழில் அதைச் சொல்ல எனக்கு வாய் வந்ததேயில்லை. ஜெர்மனில், ஓடாத காருக்குள், வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொல்ல முடிந்தது. டீற்றர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். ஒருவருக்கும் சொல்லாதே என்றேன். "காரென்றால் கார்" என்றான்.

மண்டபத்தில் யானை வந்தது, நீர்வீழ்ச்சி வந்தது, நாங்கள் மணலில் புதைந்து விழி பிதுங்கிய படம் வந்தது. சனம் ரசித்துச் சிரித்தது. அடுத்த படத்தில் நான் முழங்காலில் நின்றேன். அப்படியொரு படம் இருப்பதே எனக்குத் தெரியாது. சனம் அதற்கும் சிரித்தது. டீற்றர் கையை உயர்த்தி, "சிரிக்காதீர்கள்" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். என் பெயரைச் சொன்னான். செருப்பையும் சொன்னான். நான் புவனாவைப் பார்த்தேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள், என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரிந்தவள். இன்றைக்கு மட்டும் ஒன்றிரண்டு சொல்லாவது அவளுக்கு விளங்காமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முடிவில் மண்டபம் முழுக்க எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கைதட்டியது. ஒரு பெண்மணி என் சட்டைக்கையைத் தடவி, எவ்வளவு மனத்திடம் உங்களுக்கு என்றார். நானும் மடையனைப்போல 'டாங்க' என்று நன்றி சொன்னேன்.

டீற்றர் கலங்கிய கண்ணோடு வந்தான். "எல்லாரும் உனக்காக எழுந்து நின்றார்கள், பார்த்தாயா?"

"காரென்றால் கார் என்றாயே."

"ஆனால் சிவா, பயணம் முடிந்துவிட்டதே" என்றான். நடிக்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு மரியாதை செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

"நான் அங்கே முழங்காலில் நிற்க, நீ கமராவைத் தேடினாயா?" என்று கேட்டேன்.

யாரென்று தெரியாத ஓர் ஆபிரிக்கர் என்னைத் தூக்கினார். என் நண்பன் படம் எடுத்தான். எத்தனை தரம் யோசித்தாலும் கணக்கு இப்படித்தான் வருகிறது. கூட இருந்தே என்னை விற்றுவிட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் புவனாதான் கார் ஓடினாள். பாதி வழியில், "ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில எல்லாரும் வெளியில கழட்டிவிட, நீங்கள் மட்டும் சப்பாத்தைப் பையில போட்டுக் கையோட கொண்டு திரிஞ்சது இதுக்கோ?" என்று கேட்டாள். உங்கட பழஞ் சப்பாத்தை ஆர் களவெடுக்கப் போறான் என்று ஒவ்வொரு வருடமும் என்னைப் பகிடி பண்ணுகிறவள்.

"ஓம்" என்றேன்.

"முப்பது வருசமா உங்களோட இருக்கிறன். கேக் திண்டுகொண்டிருந்த சனத்தோட சனமா இருந்து நானும் இதைக் கேட்டனான். டீற்றர் உங்களை ஏமாத்தினவன் எண்டு கொதிக்கிறியள். என்னை ஆர் ஏமாத்தினது?"

வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் எனக்கு முன்னால் இருந்தாள். "அவன்ர வாயால கேட்டது எனக்கு வேண்டாம். நீங்கள் சொல்லுங்கோ" என்றாள்.

நான் சொல்லத்தான் நினைத்தேன். பஸ் என்றேன். முகாம் என்றேன். அதற்கு மேல் தமிழ் வரவில்லை. வாயைத் திறந்தபோது வந்தது ஜெர்மன் வசனம். வெட்கப்பட்டு நிறுத்தினேன். வீட்டுக்குள் தமிழ்தான் என்று சட்டம் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள் புவனா. நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது எங்களுக்குள் ஒரு ஜெர்மன் சொல்கூட வந்ததில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏலாட்டி அதிலயே சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை, என் மனைவிக்கு, எங்கள் குசினியில், ஜெர்மனில் சொன்னேன். அவள் ஒவ்வொரு வசனத்துக்கும், ஊரில் கதை கேட்பவர்களைப்போல, "உம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.