ராகுவோடு தினமும் ஒரு மீட்டிங்

பிரசவ விடுப்புக்கு முன் நான் நடத்திவந்த புராஜெக்ட்டை மறுபடி என்னிடம் தருவது பற்றிப் பேச நேரம் குறிப்பதாக, நான் வேலைக்குத் திரும்பிய அன்றே மேனேஜர் சொன்னார். எங்கள் ஆபீஸில் நேரம் கேட்டு யாரும் மெயில் எழுதுவதில்லை. ஒவ்வொருவர் காலண்டரும் மற்றவர்களுக்குத் தெரியும். காலியான இடத்தில் மீட்டிங் போட்டுவிடுவார்கள்.

மகளின் தடுப்பூசி, டேகேரிலிருந்து அவளைக் கூட்டிவரும் நேரம் எதனோடும் வேலை மோதிவிடக் கூடாதென்று என் சொந்தக் காலண்டரையும் ஆபீஸ் காலண்டரோடு இணைத்திருந்தேன். மற்றவர்களுக்கு 'பிஸி' என்று மட்டும் காட்டும். காரணம் தெரியாததே எனக்கு நிம்மதி.

நாட்கள் போயின, அழைப்பு வரவில்லை. கைக்குழந்தைக்காரி, எதற்குத் தொந்தரவு என்று முடிவு செய்துவிட்டாரோ? நானே கேட்டால் அவசரப்படுவதாக நினைப்பாரோ? வீடிருக்கும் கெல்லிவில்லிலிருந்து ஆபீஸுக்கு மெட்ரோவில் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வியை மனதுக்குள் எழுதித் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், எங்கள் டீமில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா என் மேசைக்கு வந்தார்.

"உம்மைப் பிடிக்கிறது பெரிய பாடாக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் மூண்டு தரம் பிஸி. மேனேஜரும் இடம் தேடிக் களைச்சுப் போனார். அப்பிடி ஆரோட மீட்டிங்?"

காலண்டரைத் திறந்து பார்த்தேன். மகளுக்கு முதல் சோறு ஊட்ட நல்ல நேரம் பார்க்கச் சொல்லியிருந்தார் அம்மா. அதற்காக என் சொந்தக் காலண்டரில் ஒரு பஞ்சாங்கக் காலண்டரைச் சேர்த்திருந்தேன். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் தினமும் 'பிஸி' ஆகியிருந்தன.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஓமோம், ராகுவோட ஒண்டு, எமனோட ஒண்டு. பெரிய ஆக்கள்தான். எங்களுக்கெங்க நேரம்?"

"அக்கா, மெதுவா பேசுங்க, ப்ளீஸ்."

பதற்றத்தில் சொந்தக் காலண்டரின் இணைப்பையே மொத்தமாகத் துண்டித்தேன். சற்று நேரத்தில் மேனேஜரின் அழைப்பு வந்தது: மறுநாள் மாலை, சரியாக டேகேருக்குப் போகும் நேரத்தில். அந்த 'பிஸி'யும் சேர்ந்து அழிந்திருந்தது.

கணவர் வேலையாக மெல்பர்ன் போயிருந்தார். வேறு நேரம் கேட்டால், இதற்குத்தான் யோசித்தோம் என்பார்களோ? எழுதி, அழித்து, கடைசியில் ஒரே வரி அனுப்பினேன்: அந்த நேரம் குழந்தையைக் கூட்டிவரப் போவேன், காலையில் முடியுமா?

உடனே காலைக்கு மாற்றினார். பேச்சில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. புராஜெக்ட் என்னிடமே வந்தது.

அன்று டேகேர் நேரத்தை ஆபீஸ் காலண்டரிலேயே, என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதினேன். வெறும் 'பிஸி' போதுமோ என்று மறுபடி திறந்தேன். மாற்றவில்லை.