கரைக்கு வராத படகின் எண்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம். கல்லூரி விடுமுறைக்கு ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விசைப்படகோடு ஊர்ப் படகுகள் எல்லாம் கடலுக்குள் இருந்தபோது, விடியற்காலையில் சூறைக்காற்று பிடித்துக்கொண்டது. யார் எந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்றே தெரியவில்லை.

காலையில் மீன் ஏலக்கூடத்தில் ஊரே கூடிவிட்டது. மல்லிப்பட்டினம், தொண்டி, கோட்டைப்பட்டினம் என்று ஒவ்வொரு கரையிலிருந்தும், வந்து ஒதுங்கிய படகுகளின் எண்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்தன. மீனவர் சங்கத்துப் பெரியவர், வந்த எண்களைத் தாளில் இருந்த பட்டியலில் அடித்து அடித்துப் பார்த்தார். ஒரே எண் இரண்டு இடத்திலிருந்து வந்ததும் எல்லாம் குழம்பிப்போனது.

அப்போதுதான் பைத்தானில் புரோகிராம் எழுதப் படிக்கத் தொடங்கியிருந்தேன். லேப்டாப்போடு ஓடினேன். கடலுக்குப் போன படகுகள் ஒரு லிஸ்ட், கரை சேர்ந்தவை, எந்தக் கரை என்பதோடு, இன்னொரு லிஸ்ட். முதல் லிஸ்டின் ஒவ்வோர் எண்ணையும் இரண்டாவது லிஸ்ட் முழுக்கத் தேட வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். எழுதி ஓடவிட்டேன்.

திரை முழுக்க ‘வரவில்லை’, ‘வரவில்லை’. பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, தன் கணவரின் படகு எண்ணைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பொட்டிய மூடும்மா. சனம் பதறுது பாரு” என்று பெரியவர் அதட்டினார்.

நான் மூடவில்லை. “செத்த பொறுங்க மாமா, தப்பு எங்கன்னு பாத்துர்றேன்.”

வரிவரியாகப் படித்தேன். இரண்டாவது லிஸ்டில் ஏதாவது ஓர் எண் பொருந்தவில்லை என்றாலே ‘வரவில்லை’ என்று போட வைத்திருந்தேன். முழுவதும் தேடி முடித்த பிறகு சொல்லும்படி, அந்த வரியை உள் லூப்புக்கு வெளியே வைத்து மறுபடி ஓடவிட்டேன்.

அத்தாவின் படகு தொண்டியில் இருந்தது! வீட்டுக்கு ஓடிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. புது எண்கள் வர வரச் சேர்த்து ஓட்டினேன். மதியம் ஒரே ஓர் எண்தான் மிஞ்சியது. அந்த அக்கா வீட்டுப் படகு.

“இன்னொருக்கா ஓட்டு தங்கச்சி” என்றார் அக்கா. ஓட்டினேன். அதே எண்தான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவரிடம் திரும்பினார். “இந்த நம்பரைச் சொல்லித் தேடச் சொல்லுங்க. அழுதுக்கிட்டு ஒக்காந்திருந்தா ஆகாது.”

பெரியவர் சொன்ன அந்த எண்ணோடு கடலில் தேடப் போனவர்கள் சாயங்காலம் கண்டுபிடித்தார்கள். இன்ஜின் பழுதாகி அலையில் தத்தளித்துக்கொண்டிருந்த படகில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

இன்று வேலையில் எவ்வளவோ பெரிய புரோகிராம்கள் எழுதுகிறேன். ஆனால் திரையில் ஓடும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு காத்திருக்கலாம் என்ற பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.