கேத்தல் தண்ணீர்

பினாங்கு ஆறு மறுபடியும் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் வெள்ளத்தை இறைக்கும் பம்பை உள்ளே தண்ணீர் ஊற்றாமலே ஓட்டுகிறார். ரப்பர் கருகும் வாசனை வருகிறது.

சின்ன வயதில் இதே வீட்டில் வெள்ளம் ஏறியபோது நான் மேசைமேல் உட்கார்ந்திருந்தேன். எங்களைக் கிளப்பப் பார்த்த நிலக்காரரின் ஆள் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னுமா இருக்கீங்க அக்கா? காலி பண்ணுங்கலா."

எங்கள் வீட்டிலும் ஒரு பம்பு இருந்தது. பம்புக்குள் முதலில் தண்ணீர் ஊற்றாமல் எஞ்சினை இயக்கக் கூடாது. சேற்றுத் தண்ணீர் ஆகாது. வீட்டில் இருந்த நல்ல தண்ணீர், குடிக்கக் காய்ச்சிய ஒரு கேத்தல்தான். அம்மா அதை முழுவதும் பம்புக்குள் ஊற்றிவிட்டு எஞ்சினை இயக்கும் கயிற்றை இழுத்தாள். தண்ணீர் வெளியேறும் குழாய் வாசலைப் பார்த்துக் கிடந்தது. தண்ணீர் பாய்ந்து அவன் கால்சட்டை நனைந்தது.

"தண்ணிதான் வெளிய போவுது தம்பி. நாங்க இல்ல."

அவன் பிறகும் பலமுறை வந்தான். நாங்கள் போகவில்லை.

கேத்தலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடக்கிறேன்.

"அண்ணே, எஞ்சின நிறுத்துங்க."