சாணி அள்ளுகிற அம்மா சொன்னது

குதிரை லத்தியைச் சவுரியம்மாள் உடனே அள்ளிவிட மாட்டார். கூடையைக் கீழே வைத்து, கையிலிருக்கும் தகரத்தால் ஓர் உருண்டையைப் பிளந்து, குனிந்து பார்ப்பார். இன்னொன்றைக் காலால் உருட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அது கூடைக்குள் போகும். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. "இன்னா தேடுற, தங்கம் கிங்கம் வுழுந்து கெடக்குதா?" என்று லாயத்து ஆட்கள் கேலி செய்வார்கள். "தங்கத்த உங்க வூட்ல போயி தேடுங்கடா. இது வவுத்து சமாச்சாரம்" என்பார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. பிறந்தது முகையூர், வாழ்க்கைப்பட்டது பிரம்மதேசம் பக்கம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் உள்ள அந்த லாயத்துக்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அங்கே பன்னிரண்டு குதிரைகள். எல்லாம் எங்களைப் போன்றவர்களுடையவை. குதிரை வாங்கத் தெரிந்து, வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் அங்கே கொண்டுபோய்க் கட்டிவிட்டு மாதாமாதம் பராமரிப்புக்குக் கொடுத்துவிடுவோம்.

குதிரைகளிடம் அவர் மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "கொஞ்சம் நவுருங்க தாயி, காலடியில கூட்டணும்" என்பார். கடிக்கிற வெள்ளைக் குதிரைக்கு அவர் வைத்த பெயர் மாமியார். "மாமியாரு இன்னிக்கி மொறப்பா கீறாங்க, யாரும் கிட்ட போவாதீங்க" என்று எச்சரிப்பார். அந்த நேரம் பார்த்து இடுப்புச் சுருக்குப்பைக்குள் செல்போன் அடிக்கும். கணவர் பிரான்சிஸ். "யோவ், சோறு மூடி வச்சிக்கிறேன், கொட்டிக்கினு போய்யா. ஜல்தியா போ, மேஸ்திரி காத்துக்கினு இருப்பாரு" என்று கத்திவிட்டு, மறுபடி குதிரையின் பக்கம் திரும்பி, "நீங்க சாப்புடுங்க" என்பார்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுதுகிறேனே, அப்போது எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. எட்டு மாதம் ஞாயிறுதோறும் பார்த்திருக்கிறேன். சாணி அள்ளுகிற அம்மா, அவ்வளவுதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் நீ, வா, போ என்றுதான் பேசினேன். லாயத்தில் எல்லோருக்கும் எவர்சில்வர் தம்ளரில் டீ வரும், அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் வரும். அதையும் பார்த்துக்கொண்டேதான் என் டீயைக் குடித்திருக்கிறேன்.

நான் திண்டிவனத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவன். மகள் தமிழ்மணி ஆசைப்பட்டாள் என்று செம்பியை வாங்கினேன். செவலை நிறப் பெண் குதிரை, பரம சாது. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். குதிரை என் பொறுப்பில் நின்றது. பொறுப்பு என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு துண்டு வெல்லம் நீட்டுவேன், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவேன். ஆலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை இறக்க வருகிறவர்கள் "குதிரைக்காரரே" என்று கூப்பிட்டால் உள்ளுக்குள் ஒரு குஷி.

போன தை மாதத்தில் ஒரு ஞாயிறு. நான் போட்டோ எடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, சவுரியம்மாள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க செம்பிக்கு வாரத்துல ரெண்டு நாளு லத்தி ஆட்டுப்புழுக்க மாரி காஞ்சி வுழுது. தண்ணி காட்டலன்னாதான் அப்பிடி போடுவாங்க. வாயிலயும் புண்ணு கீதுன்னு நெனைக்கிறேன். கொள்ள மென்னுக்கினே கீழ துப்புறாங்க. ஒரு தபா வாயத் தெறந்து பாருங்க சார்."

செம்பி பத்தடி தூரத்தில் நின்றாள். நான் செய்திருக்க வேண்டியது அந்தப் பத்தடியை நடப்பதுதான். நான் என்ன செய்தேன்? "கோபி, கொஞ்சம் இங்க வாங்க" என்று மேற்பார்வையாளனைக் கூப்பிட்டேன். முழங்கால்வரை பூட்ஸ், தலையில் தொப்பி, வாய்க்கு வாய் ஆங்கிலம். என்னைவிட இருபது வயது சின்னவன். அவனுக்கு மட்டும் என் வாயில் "வாங்க" தானாக வந்தது. "இந்தம்மா என்னமோ சொல்லுது. தண்ணி காட்டுறது இல்லையாமே, என்னன்னு கேளுங்க" என்றேன். குற்றம் செய்தவனையே கூப்பிட்டு, குற்றம் சொன்னவரை எதிரே நிறுத்தி விசாரித்த புத்திசாலி நான்.

கோபியின் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு சிரித்தான். "ஒரு வாரமா கொள்ளு மூட்டை குறைஞ்சிக்கினே போவுது சார். யாருன்னு வாட்ச் பண்ணிக்கினு இருக்கோம். மாட்டிக்குவோம்னு தெரிஞ்சி இது முந்திக்கிச்சி" என்றான்.

மற்றக் குதிரைக்காரர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். லாயத்து ஆட்களும் நின்றார்கள். சவுரியம்மாள் என்னையே பார்த்தார். "நானா சார்? நான் எடுப்பனா?" என்றார். அப்போது நான் சொன்ன வார்த்தையை இப்போது எழுதக் கை கூசுகிறது. "கூடையைக் கொட்டு, பார்க்கலாம்" என்றேன்.

கொட்டினார். லத்திதான் விழுந்தது. லத்திக் கூடையிலிருந்து வேறு என்ன விழும்? அதற்குப் பிறகும் கோபி "நாளைலேர்ந்து வராத" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உட்கார்ந்து, கொட்டியதையெல்லாம் மறுபடி கூடையில் அள்ளி, குப்பைமேட்டில் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு போனார். போகும்போது செம்பியைத் திரும்பிப் பார்த்தார். எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நண்பர் பச்சைமுத்துவின் மகனுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டு செட், பட்டாசு, சரிகைத் துணி போர்த்திய குதிரைமேல் மாப்பிள்ளை. பேண்டு அடிக்க அடிக்கக் குதிரை முன்காலைத் தூக்கித் தூக்கி ஆடியது. "குதிரை சூப்பரா ஆடுதுப்பா!" என்று நான்தான் முதலில் கை தட்டினேன். பக்கத்தில் போய்க் கழுத்தில் கை போட்டு செல்ஃபியும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது என் மனைவி தையல்நாயகி அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஏங்க, இது நம்ம செம்பி இல்ல?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "இடது காது நுனியில கிழிசல் இருக்கு பாருங்க. வாயில என்ன, ரத்தமா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கடிவாளத்தின் ஓரம் சிவப்பாக நுரை. முதல் நாள் அதை நானும் பார்த்திருந்தேன், குங்குமம் என்று நினைத்து. என் குதிரையின் கழுத்திலேயே கையைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அது என் குதிரை என்று எனக்குத் தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் லாயத்துக்குப் போனோம். மணி ஏழு. செம்பி தலையைத் தொங்கப்போட்டு நின்றாள். தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. பக்கத்து ஆணியில் ஒரு கடிவாளம் தொங்கியது, அதன் இரும்பில் வரிசையாக முட்கள். கோபி பல் துலக்கிக்கொண்டே வந்தான். மறைக்கக்கூட முயலவில்லை.

"முகூர்த்த சீசன் சார். சும்மா நிக்கிற குதிரைங்கதானே, எல்லாத்தையும் அனுப்புறதுதான். உங்குளுது சாது, அதனால அதுக்குத்தான் டிமாண்டு. காலைலேர்ந்து தண்ணி காட்டக் கூடாது சார். மாப்பிள்ள மேல இருக்கிறப்போ ஒண்ணுக்குப் போயிடுச்சின்னா அபசகுனம்னு பொண்ணு வூட்டுக்காரங்க அடிக்க வந்துடுவாங்க. பெரிய பேஜாரு."

"இந்த முள்ளு?"

"தானா ஆடுமா சார் குதிரை? குத்தினாதான் ஆடும். நேத்து நீங்ககூட கை தட்டினீங்களே."

இரண்டு அறை விட்டிருப்பேன். அந்தக் கடைசி வார்த்தையில் என் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து செம்பியின் நாக்கைப் பிடித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் வெட்டு, ஓரம் சீழ் பிடித்திருந்தது. புண் ஆறும்வரை வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, தண்ணீர் மட்டும் எப்படியாவது குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குடல் பிடித்துக்கொள்ளும், பிழைப்பது கஷ்டம் என்றார். அன்றிலிருந்து நானும் மனைவியும் மாறி மாறி லாயத்தில் கிடந்தோம். ஊசியும் மருந்தும் நடந்தன. தண்ணீர் மட்டும் ஒரு வேளைக்கு இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் சவுரியம்மாளைத் தேடிப் போனேன். அன்றைக்குத்தான் விசாரித்துப் பெயர் தெரிந்துகொண்டேன். பிரம்மதேசம் தாண்டி ஒரு கொல்லைக்காட்டில் பத்துப் பெண்களோடு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் இப்படி வர்றீங்களா?" என்று வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போறேன் சார். பக்கத்துல உக்கார்றவங்க பைய இழுத்து மடியில வச்சிக்கிறாங்க. கொள்ளு திருடினவன்னு பேராயிடுச்சி. என் வூட்டுக்காரரே ஒரு நாளு கேட்டாரு, நெஜமா எடுக்கலியேன்னு." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கி கொட்டச் சொன்னப்போ எத்தினி பேரு நின்னாங்க? இப்ப மரத்தடிக்குக் கூப்புட்டு என் காதுல சொல்றீங்க. இத நான் வச்சிக்கினு இன்னா பண்றது? அத்தினி பேரையும் நிக்க வச்சிக்கினு சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வந்தபோதுகூட என் மானத்தைப் பத்திரமாக மடித்து எடுத்து வந்திருந்தேன். சரி என்றேன். திரும்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார். "செம்பி தண்ணி குடிக்கிறாங்களா?"

"இல்லைங்க."

அடுத்த ஞாயிறு லாயத்து முதலாளி வெங்கடாசலம் வந்திருந்தார். குதிரைக்காரர்கள் அத்தனை பேரையும் போன் போட்டு வரவழைத்திருந்தேன். கோபியும் ஆட்களும் ஓரமாக நின்றார்கள். சவுரியம்மாள் வேலைச் சட்டை இல்லாமல், பூசைக்குக் கட்டுகிற புடவையில், வாசலோரம் வந்து நின்றார். வெங்கடாசலம் என் தோளைத் தொட்டு, "வேணாம் சார், உள்ள ரூம்ல பேசிக்கலாம். வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும்தானே அசிங்கம்" என்றார்.

"அசிங்கம்தான். அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

சொன்னேன். முகூர்த்த நாட்களில் எங்கள் குதிரைகள் எங்கே போயின என்று சொன்னேன். அந்த முள் கடிவாளத்தைத் தூக்கிக் காட்டினேன். இந்த அம்மா திருடவில்லை, என் குதிரைக்காகப் பேசியதற்கு இவர் கூடையை நான் கொட்ட வைத்தேன், உங்கள் எல்லோர் முன்னாலும் அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஐம்பது வயதுக்கு மேல் நாலு பேர் முன்னால் அழுதேன். கோபி பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப என் குதிரை? என் குதிரையும் போச்சா?" என்று ஆளுக்காள் வெங்கடாசலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே சத்தம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் சவுரியம்மாளைக் காணோம். செம்பியின் கொட்டடிக்குள் நின்றார். அதன் உதட்டை விரலால் மெல்ல விலக்கிப் புண்ணைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த வாளிக்குள் கையை விட்டார். காலையில் நானே நிரப்பி வைத்த வாளி அது. உள்பக்கத்தை வழித்து எடுத்து என் பக்கம் காட்டினார். விரலெல்லாம் கொழகொழவென்று பாசி. தண்ணீரை மொத்தமாக வெளியே கவிழ்த்தார். காலி வாளியை என் கையில் கொடுத்தார்.