தவிட்டுக்கு வாங்கின தங்கச்சி

எங்கள் வீட்டில் பிள்ளை வளர்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பினேன். காரணம் இருந்தது. எத்தியோப்பியாவில் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு ஓடைப்பட்டிக்குத் திரும்பிய சித்தப்பாவும் சின்னம்மாவும், அந்த நாட்டு அனாதை விடுதியிலிருந்து ஐந்து வயசுப் பெண்பிள்ளை ஒன்றைத் தத்தெடுத்துக் கூட்டி வந்திருந்தார்கள். வந்த வருசத்திலேயே எங்களை மாதிரிப் பேசப் பழகிவிட்டாள். ஆனால் அவளை யாரும் ஒரு வார்த்தை அதட்டுவதில்லை.

திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்த பச்சைக் கொத்தை நான் தொட்டால் முதுகில் ஒன்று விழும். அவள் பிய்த்துக் கவுனுக்குள் ஒளித்தால், சின்னம்மா கையைக் கழுவிவிட்டு, "வேணாம் சாமி" என்று கொஞ்சுவாள். எனக்கு வயிறு எரியும். இப்படியே விட்டால் பிள்ளை குட்டிச்சுவராகிவிடும் என்று பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

அடிக்கவில்லை. அடித்தால் மாட்டிக்கொள்வேன். எங்கள் பக்கம் பிள்ளைகளை மிரட்ட ஒரு பேச்சு உண்டு: உன்னைப் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினோம், சேட்டை பண்ணினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அப்பா என்னிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். "குடுங்க, எனக்கென்ன" என்று பழிப்புக் காட்டிவிட்டு ஓடுவேன். அவள் கொத்தும் கையுமாக என்னிடம் பிடிபட்ட அன்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே அவளிடம் சொன்னேன்.

அவள் பழிப்புக் காட்டவில்லை. கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "சரிக்கா" என்றாள்.

அன்றிலிருந்து அப்படி ஒரு ஒழுங்கு. தட்டைத் தானே கழுவினாள். தலைவாரும்போது சிணுங்கவில்லை. திராட்சைப் பந்தல் பக்கமே போகவில்லை. மூன்று நாள் நான் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

நாலாம் நாள் காலையில் குளிக்கக் கூப்பிட்டால் வரவில்லை. ஷூ மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது தோளில் தொங்கிய அதே பை. உள்ளே கவுன்களையெல்லாம் மடித்து வைத்திருந்தாள்.

"எங்கன கெளம்பிட்டீக?" என்று சித்தப்பா விளையாட்டாகக் கேட்டார்.

"என்னைய எப்பத் திருப்பிக் கொண்டுபோய் விடுவீக?" என்றாள். அழவில்லை. பஸ் நேரம் விசாரிப்பதுபோலக் கேட்டாள். "நான் சேட்டை பண்ணல. அக்காகிட்டக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தவிட்டுக் கதையைச் சொல்லி மிரட்டினதை ஒத்துக்கொண்டேன்.

சின்னம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பீரோவில் சேலைகளுக்கு நடுவே அடுக்கினாள். காலிப் பையைக் கொத்து வெட்டும் கத்தரிக்கோல் போட்டுவைக்கத் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினாள். அடுத்தது எனக்குத்தான் என்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"ஒன்னைய அடிச்சாலும் மத்தியானம் சோத்துக்கு இங்கனதான் வந்து நிப்ப. அவளுக்கு அது இன்னும் தெரியாதுடி" என்று மட்டும் சொன்னாள். அடி தப்பிய சந்தோசத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த காய்ப்பில் அவள் மறுபடியும் பச்சைக் கொத்தைப் பிய்த்தாள். இந்தத் தடவை சின்னம்மாவே அவள் கையில் ஒன்று போட்டாள். அவள் நாக்கைத் துருத்தி, "அப்பிடித்தான் பிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் ஓடினாள். சின்னம்மா விரட்டவில்லை. கல்தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

மூன்றே நாளில் நான் திருத்திக் கொடுத்த பிள்ளையை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.